கல்லைக் கற்றவர் கலையைக் காத்தார்

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் நிலவியல் மாணவன்)

“நிலவியல் படிக்கிறவனுக்குக் கலைப் பக்கம் என்ன வேலை? கிரானைட்டைப் பற்றி எழுது. இல்லாவிட்டால் நிலத்தடி நீரைப் பற்றி எழுது.”

ஆண்டு மலருக்கு நான் எழுதப் போகும் பொருளைச் சொன்னவுடன் விடுதி நண்பன் ஒருவன் இப்படிச் சொன்னான். அவன் சொன்னதில் வியப்பொன்றும் இல்லை. நம் கல்லூரி முத்தமிழ் மன்றத்தின் பக்கம் அறிவியல் மாணவர்கள் எட்டிப் பார்ப்பதே அரிது. விழா நாளில் மேடைக்கு நாற்காலி தூக்குவதோடு நம் கலைத்தொண்டு முடிந்துவிடுகிறது. ‘கலை வேறு, அறிவியல் வேறு, கலை சோறு போடாது, அறிவியல் போடும்’ என்பது நம் எல்லோர் உள்ளத்திலும் ஊறிப்போன எண்ணம்.

இந்த எண்ணம் தவறு என்பது என் தாழ்மையான கருத்து. இக்கருத்துக்குச் சான்றாக ஒரு பெரியவரின் வாழ்க்கையையும், என் தந்தையார் செய்த ஒரு மண் குதிரையையும் உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

கல்லில் தொடங்கிய வாழ்க்கை

உலகின் பெரிய அருங்காட்சியகங்களில் கலைப்பொருள்களைப் பேணி, அவற்றின் பொருளை மக்களுக்கு எடுத்துரைப்பவர்களைக் காப்பாளர் என்கிறோம். எந்தக் கலையைப் போற்றுவது, எப்படிப் பேணுவது என்று அரசுகளுக்கும் நிறுவனங்களுக்கும் வழி சொல்பவர்களைப் பண்பாட்டு ஆலோசகர் என்கிறோம். இப்படி ஒரு வேலை இருப்பதே கல்லூரிக்கு வரும் வரை எனக்குத் தெரியாது. தெரிந்த பிறகும், அது இசையோ ஓவியமோ வரலாறோ படித்தவர்களுக்கு உரியது என்றே எண்ணியிருந்தேன். அந்த எண்ணத்தை மாற்றியவர் ஆனந்த குமாரசாமி அவர்கள்.

இவர் 1877-ஆம் ஆண்டு ஆகஸ்டு 22-ஆம் நாள் கொழும்பில் பிறந்தார். தந்தை சர் முத்து குமாரசாமி, இலங்கைத் தமிழர், சட்ட வல்லுநர், இலங்கைச் சட்டசபை உறுப்பினர். தாய் எலிசபெத் பீபி, ஆங்கிலேயப் பெண்மணி. இரண்டு வயது நிறையும் முன்பே குழந்தை தந்தையை இழந்தது. பின்னர் இங்கிலாந்தில் தாயிடம் வளர்ந்து, இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் 1900-ஆம் ஆண்டு பட்டம் பெற்றார். என்ன பட்டம் தெரியுமா? நிலவியலும் தாவரவியலும் பயின்ற பி.எஸ்சி. பட்டம்! நூலகத்தில் இந்த வரியைப் படித்தபோது, தூரத்து உறவினர் ஒருவரைக் கண்டுபிடித்தது போல் எனக்கு மகிழ்ச்சி உண்டாயிற்று.

1903-ஆம் ஆண்டில் இலங்கைக் கனிமவள ஆய்வுத் துறைக்கு அவர் இயக்குநரானார். கையில் சுத்தியல், தோளில் பை, காலில் முரட்டுச் செருப்பு என்று ஊர் ஊராக நடந்து பாறைகளை ஆராய்ந்தார். அங்கே கிடைத்த கருநிறமான, எடை மிகுந்த ஒரு கனிமம் அவர் கவனத்தை ஈர்த்தது. அது யுரேனியத் தாது என்றே முதலில் கருதப்பட்டது. இலண்டனில் பகுத்துப் பார்த்தபோது பெரும்பகுதி தோரியம் ஆக்சைடு என்று தெரிந்தது. உலகுக்குப் புதிதான அக்கனிமத்துக்குத் தோரியனைட் என்று பெயர் சூட்டப்பட்டது. கதிரியக்க ஆராய்ச்சி பிள்ளைப் பருவத்தில் இருந்த காலம் அது. ஓட்டோ ஹான் என்ற இளம் வேதியியலறிஞர் 1905-இல் ரேடியோதோரியத்தைக் கண்டறிந்ததும் இலங்கைத் தோரியனைட்டைக் கொண்டுதான். இப்பணிகளுக்காகக் குமாரசாமிக்கு 1906-ஆம் ஆண்டில் இலண்டன் பல்கலைக்கழகம் டி.எஸ்சி. பட்டம் வழங்கியது.

இத்துடன் அவர் நின்றிருந்தால் சிறந்த நிலவியலறிஞர் என்ற பெயரோடு ஓய்வூதியமும் பெற்றிருப்பார். ஆனால் பாறையைத் தேடி ஊர் ஊராகச் சென்ற கண், ஊரில் இருந்த வேறொன்றையும் பார்த்துவிட்டது.

கண்டிச் சீமையின் தச்சர், கன்னார், குயவர், நெசவாளர், ஓவியர் ஆகியோரின் வீட்டு முற்றங்களில் அவர் உட்கார்ந்தார். பல தலைமுறையாக வந்த கைத்திறன், இறக்குமதிச் சரக்கின் முன்னே மதிப்பிழந்து மடிந்து வருவதைக் கண்டார். எந்தப் பொருளை எந்தக் கருவியால், எந்த முறையில் செய்கிறார்கள் என்பதையெல்லாம் கேட்டுக் கேட்டு எழுதினார். அவருடைய துணைவியார் ஈத்தல் நிழற்படங்கள் எடுத்தார். இவ்வுழைப்பின் பயனே 1908-இல் வெளிவந்த ‘இடைக்காலச் சிங்களக் கலை’ என்னும் பெருநூல். இங்கிலாந்தில் கை அச்சுப்பொறியில், பதினைந்து மாதம் பொறுமையாக அச்சிட்டு, 425 படிகளே எடுத்தார்கள். கைத்தொழிலைப் பற்றிய நூலைக் கைத்தொழிலாகவே செய்தார்கள் எனலாம்.

சுவையற்ற களியும் சிவன் ஆடலும்

அக்காலத்து ஐரோப்பிய அறிஞர் பலர் இந்தியச் சிற்பத்தைக் கலையாகவே ஏற்கவில்லை. கைவேலை உண்டு, கவின்கலை இல்லை என்பார்கள். 1910-ஆம் ஆண்டு இலண்டனில் நடந்த ஒரு கூட்டத்தில் சர் ஜார்ஜ் பேர்டுவுட் என்பவர் ஒரு புத்தர் சிலையைக் கொழுப்பிட்டு வேகவைத்த களிக்கு ஒப்பிட்டார். இந்தப் பேச்சு பலர் உள்ளத்தைச் சுட்டது. சென்னைக் கலைப்பள்ளியில் முன்பு பணியாற்றிய ஹாவெல், ஓவியர் ரோதென்ஸ்டைன், குமாரசாமி முதலியோர் சேர்ந்து அவ்வாண்டே இந்தியக் கழகம் என்ற அமைப்பை இலண்டனில் தொடங்கினர். வெறும் கோபத்தோடு நில்லாமல், நூல்களாலும் சொற்பொழிவுகளாலும் விடை சொன்னார்கள்.

நடராசர் வடிவத்தைப் பற்றிய குமாரசாமியின் புகழ்பெற்ற கட்டுரை முதன்முதலில் வெளிவந்தது இலண்டனிலோ நியூயார்க்கிலோ அன்று. 1912-இல், சென்னையிலிருந்து வந்துகொண்டிருந்த ‘சித்தாந்த தீபிகை’ என்னும் இதழில். திருமந்திரம், உண்மை விளக்கம் போன்ற நம் தமிழ் நூல்களைத் துணைகொண்டே அவர் அந்த ஆடலுக்குப் பொருள் சொன்னார். 1918-இல் நியூயார்க்கில் ‘சிவ நடனம்’ என்ற நூல் வெளிவந்த பிறகு, வெண்கலச் சிலை என்று மட்டும் நடராசரைப் பார்த்த மேல்நாட்டார் அதனுள் ஒரு தத்துவம் இருப்பதை அறிந்தனர். 2004-ஆம் ஆண்டில் நம் இந்திய அரசு, ஜெனீவா அருகே உள்ள செர்ன் அணுத்துகள் ஆய்வுக் கூடத்துக்கு நடராசர் சிலை ஒன்றை அன்பளிப்பாக வழங்கியது. அச்சிலையின் பீடத்துப் பலகையில் இன்றும் குமாரசாமியின் பெயர் இருக்கிறது. தோரியத்தைத் தொட்டவரின் பெயர், அணுவைத் துருவுகிறவர்களின் முற்றத்தில் கலை அறிஞராக நிற்பது எவ்வளவு பொருத்தம்!

1917-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் இந்தியக் கலைப் பகுதிக்குக் காப்பாளராக அமர்ந்தார். 1947 செப்டம்பர் 9-ஆம் நாள் மறையும் வரை, முப்பது ஆண்டுகள், அந்நிறுவனமே அவர் பணிக்களம். பட்டியல்கள் தொகுத்தார், 1927-இல் ‘இந்திய, இந்தோனேசியக் கலை வரலாறு’ எழுதினார், அபிநய தர்ப்பணத்தைத் துக்கிராலா கோபாலகிருஷ்ணய்யாவுடன் சேர்ந்து ஆங்கிலத்தில் தந்தார். நாடு விடுதலை பெற்ற சில நாள்களில் எழுபதாம் பிறந்தநாள் விருந்தில் பேசியபோது, இந்தியாவுக்குத் திரும்பிவிடப் போவதாக அறிவித்தார். மூன்று வாரத்துக்குள் காலன் முந்திக்கொண்டான்.

“அந்தப் பக்கம்” என்று ஓர் ஊர் இல்லை

பாறை படித்தவர் எப்படிக் கலையில் இவ்வளவு உயர்ந்தார்? அவர் பாறையை விட்டுவிட்டுக் கலைக்கு வந்தார் என்று சிலர் சொல்லக்கூடும். பாறை கற்றுக்கொடுத்த பாடத்தைக் கலைக்குக் கொண்டுவந்தார் என்றே நான் எண்ணுகிறேன். அது என்ன பாடம் என்பதை என் சொந்த அனுபவத்தால் விளக்குகிறேன்.

முதலாண்டில் எங்கள் துறையினர் களப்பயணம் சென்றோம். ஒரு குன்றின் அடிவாரத்தில் செக்கச் செவேலென்று பளபளக்கும் கார்னெட் மணிகள் பதிந்த மைக்காக் கல் ஒன்று எனக்குக் கிடைத்தது. வகுப்பிலேயே அழகான கல் என்னுடையதுதான். பெருமையோடு பேராசிரியரிடம் நீட்டினேன்.

“எங்கே எடுத்தாய்?” என்றார்.

“அந்தப் பக்கம் சார்” என்று கை காட்டினேன்.

“அந்தப் பக்கம் என்று தமிழ்நாட்டில் ஓர் ஊர் இல்லையே! கீழே போடு” என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். நான் கல்லைப் போட்டேன். பிறகு அவர் அருகில் அழைத்துப் பொறுமையாகச் சொன்னார்: கிடைத்த இடம், நாள், எடுத்தவர் பெயர், சுற்றியிருந்த பாறையின் தன்மை இவை எழுதப்படாத கல், எவ்வளவு அழகாயிருந்தாலும், அறிவியலுக்குப் பயன்படாது, அலமாரியில் வைக்கலாம், அவ்வளவுதான். அன்று முதல் என் களக் குறிப்பேட்டில் சீட்டு எழுதாமல் ஒரு கூழாங்கல்லைக்கூட நான் பையில் போடுவதில்லை.

எங்கிருந்து வந்தது, எதனால் ஆனது, யார் கண்டது, அதைச் சுற்றி என்ன இருந்தது என்னும் இந்த நான்கு கேள்விகளைக் குமாரசாமி சிற்பத்திடமும் நெசவிடமும் பித்தளைக் குத்துவிளக்கிடமும் கேட்டார். அழகாக இருக்கிறது என்று சொல்வதற்கு அறிஞர் தேவையில்லை. அதை யாரும் சொல்லலாம். இருக்கும் இடத்தோடும் செய்யும் கையோடும் சேர்த்துப் பார்ப்பதற்குத்தான் பயிற்சி வேண்டும். அந்தப் பயிற்சியை நம் அறிவியல் வகுப்புகள் நாள்தோறும் தருகின்றன. நாம்தான் அதை ஆய்வுக்கூடத்தின் வாசற்படியிலேயே விட்டுவிட்டு வந்துவிடுகிறோம்.

என் தந்தையின் குதிரை

இனி, இக்கட்டுரையை நான் எழுத நேர்ந்த காரணத்துக்கு வருகிறேன்.

எங்களுடையது மண்பாண்டம் செய்யும் வேளார் குடும்பம். எங்கள் வீட்டில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான்தான். என் தந்தையார் பானை, சட்டி, அகல் விளக்கு செய்வதோடு, புரவியெடுப்புத் திருவிழாவுக்கு ஐயனார் கோயில் குதிரைகளும் செய்வார். ஊர் கூடி முடிவு செய்து, கண்மாய் மண்ணில் ஒரு பிடி அள்ளித் தந்தையார் கையில் கொடுப்பார்கள். இதற்குப் பிடிமண் கொடுத்தல் என்று பெயர். அதை வாங்கிய பிறகுதான் வேலை தொடங்கும். களிமண்ணோடு மணலும் உமியும் சேர்த்து மிதித்து, நான்கு கால்களை முதலில் எழுப்பி, அவை இறுகிய பின் உடலை வளர்த்து, கழுத்து, தலை என்று மேலே போவார். அவசரப்பட்டால் மேல்பாரம் தாங்காமல் கால் பிதுங்கிவிடும். தாமதித்தால் ஒட்டு விட்டுவிடும். எந்த மண் சுருங்கும், எது வெடிக்கும், எவ்வளவு உமி சேர்த்தால் சூளையில் தாங்கும் என்பதெல்லாம் அவருக்குக் கைவாக்கில் தெரியும். களிமண்ணின் சுருக்கத்தைப் பற்றிய பாடத்தை வகுப்பில் கேட்டபோது, அதில் பாதி என் தந்தையாரிடம் சிறு வயதிலேயே கேட்டது என்று உணர்ந்தேன்.

சென்ற ஆண்டு நகரத்தில் நடந்த ஒரு கண்காட்சிக்கு நண்பர்களோடு சென்றேன். நுழைவாயிலின் அருகே ஒரு மண் குதிரை நின்றது. நான்கடி உயரம். கண்டவுடனே கால் நின்றுவிட்டது. கழுத்து மணிச்சரத்தை என் தந்தையார் கட்டைவிரலால் அழுத்தி அழுத்திப் போடுவார். ஒவ்வொரு மணியின் நடுவிலும் ஒரு சிறு பள்ளம் விழும். அந்தப் பள்ளம் அதில் இருந்தது. முந்தைய ஆண்டு தரகர் ஒருவர் கண்காட்சிக்கென்று சொல்லிச் செய்து வாங்கிப் போன இரண்டு குதிரைகளில் ஒன்று அது. சாமிக்கு எடுத்ததன்று; விற்பனைக்குச் செய்ததுதான். ஆகவே அது அங்கே நின்றதில் எனக்கு வருத்தமில்லை. மகிழ்ச்சிதான்.

அருகில் சென்று சீட்டைப் படித்தேன். ‘சுடுமண் குதிரை. தமிழ்நாடு.’ அவ்வளவுதான். மாவட்டம் இல்லை, ஊர் இல்லை, செய்தவர் பெயர் இல்லை. கீழே நன்றியுரைப் பலகையில், அரங்கை வடிவமைத்தவர், விளக்கு அமைத்தவர், பூச்செண்டு வழங்கியவர் பெயர் வரை இருந்தன.

“அந்தப் பக்கம் என்று தமிழ்நாட்டில் ஓர் ஊர் இல்லையே!” என்ற பேராசிரியரின் குரல் என் காதில் ஒலித்தது. முதலாண்டு மாணவன் கொண்டுவந்தால் கீழே போடச் சொல்லக்கூடிய சீட்டு அது. கலை வல்லுநர்கள் அதைக் கண்ணாடிச் சட்டத்தில் மாட்டி வைத்திருந்தார்கள்.

ஊருக்குப் போனபோது தந்தையாரிடம் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, “பேரப் போட்டு என்னப்பா ஆகப்போவுது? யாரு செஞ்சதுன்னு ஐயனாருக்குத் தெரியும், ஊருக்கும் தெரியும்” என்றார். நானும் விட்டுவிட்டேன். இரவு சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, சோற்றில் கை வைத்தபடியே, “ஊரு பேராச்சும் போட்டிருந்தாங்களா?” என்று கேட்டார். “இல்லப்பா” என்றேன். அதற்கு மேல் அவர் பேசவில்லை.

பெரியவரோடு இரண்டு மாறுபாடுகள்

குமாரசாமி அவர்களிடம் எனக்குள்ள மதிப்பு பெரிது. எனினும் கண்ணை மூடிக்கொண்டு வணங்குவது அறிவியல் மாணவனுக்கு அழகன்று. இரண்டு இடங்களில் நான் அவரோடு மாறுபடுகிறேன்.

முதலாவது, பெயரின்மை பற்றியது. பழங்காலக் கலைஞன் தன் பெயரைப் பொறிக்கவில்லை. அது அவனுடைய அடக்கத்தின் அடையாளம், அவன் செய்த பொருளே பேசட்டும் என்று விட்டான் என்பது குமாரசாமியின் கொள்கை. என் தந்தையார் முதலில் சொன்னதும் கிட்டத்தட்ட இதுதான். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். எங்கள் ஊர்க் கோயிலில் நிற்கும் குதிரைக்குச் சீட்டு வேண்டாம். பிடிமண் கொடுத்த ஊருக்கே யார் செய்தது என்று தெரியும். அங்கே பெயர் எழுதப்படவில்லையே தவிர, பெயர் இல்லாமல் இல்லை. அதே குதிரை லாரி ஏறி நகரத்துக்கு வந்துவிட்டால் தெரிந்தவர் யாருமில்லை. அங்கே எழுதாமல் விடுவது அடக்கம் ஆகாது, மறதி. அந்த மறதியும் கலைஞனுடையதன்று, அவன் பொருளைக் காட்சிக்கு வைத்தவருடையது. அரங்கு அமைத்தவருக்குப் பெயர் உண்டு, குதிரை செய்தவருக்கு இல்லை என்றால் அதைத் தத்துவம் என்று சொல்லி மூடிவிட முடியாது.

இரண்டாவது, குலத்தொழில் பற்றியது. 1909-இல் வெளிவந்த ‘இந்தியக் கைவினைஞன்’ என்ற நூலிலும் பிற இடங்களிலும், தந்தை தொழிலை மைந்தன் செய்யும் முறையையும் சாதி அமைப்பையும் அவர் பெரிதும் போற்றினார். தொழிற்சாலைப் புகையில் வதங்கிய இங்கிலாந்துத் தொழிலாளியைப் பார்த்த கண்ணுக்கு, கண்டிக் கைவினைஞனின் முற்றம் சொர்க்கமாகத் தெரிந்திருக்கலாம். ஆனால் அந்த முற்றத்தில் பிறந்தவனுக்கு அதிலிருந்து வெளியே போகும் கதவு இருந்ததா என்பதை அவர் போதிய அளவு கேட்கவில்லை. அந்த முறையை நம் முன்னோர் அப்படியே விட்டுவைத்திருந்தால் நான் இன்று இந்தக் கல்லூரியில் இருக்க மாட்டேன். “மண்ணு என்னோட போகட்டும், நீ படி” என்றுதான் என் தந்தையார் என்னை அனுப்பினார். கலை வாழவேண்டும், ஆனால் கலைஞனின் மகனைக் கட்டிப்போட்டு வாழவேண்டியதில்லை. விரும்பி வருகிறவர் கையில் வாழட்டும். எந்தக் குலத்தவர் ஆனாலும் வரட்டும்.

அப்படியானால் படித்துவிட்ட நான், மண்ணுக்கு முதுகைக் காட்டிவிட வேண்டுமா? இங்கேதான் குமாரசாமியின் எழுத்தை விட அவருடைய வாழ்க்கை எனக்கு வழிகாட்டுகிறது. அவர் தந்தை வழக்கறிஞர். அவர் நிலவியல் கற்றார். கலைக் காப்பாளராக வாழ்ந்தார். குலத்தொழிலைப் புகழ்ந்த அவரே குலத்தொழிலைச் செய்யவில்லை! கற்ற கல்வியை எடுத்துக்கொண்டு, தாம் மதித்த கைகளிடம் திரும்பிச் சென்றார். அந்த வழி எனக்கும் உங்களுக்கும் திறந்திருக்கிறது.

அறிவு துணைபோகும் இடம்

கலை பற்றிய அறிவு எப்போதும் நன்மையே செய்யும் என்று எண்ணிவிடக் கூடாது. அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயிலிலிருந்து களவு போன சோழர் கால நடராசர், 2008-ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவின் தேசியக் கலைக்கூடத்தால் சுமார் 50 இலட்சம் அமெரிக்க டாலருக்கு வாங்கப்பட்டார். விற்றவர் காட்டிய பழைய உரிமைப் பத்திரங்கள் பொய் என்பது பின்னர் வெளிப்பட்டது. வாங்கியவர்களிடம் படிப்புக்குக் குறைவில்லை. சிலையின் அழகும் காலமும் அவர்களுக்குத் தெரியும். ‘எங்கே எடுத்தாய்?’ என்ற எங்கள் பேராசிரியரின் கேள்வியைத்தான் அவர்கள் விடாப்பிடியாகக் கேட்கவில்லை.

அந்தச் சிலையை மீட்க எது உதவியது? புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் தமிழகக் கோயில்களைச் சுற்றி முன்பே எடுத்து, ஊர்ப் பெயரோடு அடுக்கி வைத்திருந்த நிழற்படங்கள். 2014 செப்டம்பரில் நடராசர் தாயகம் திரும்பினார். என்றோ ஒருவர் பொறுமையாக எழுதி வைத்த ஊர்ப் பெயர், கோடிக்கணக்கான பணத்தை வென்றது.

குமாரசாமியின் வாழ்விலும் மனத்தை நெருடும் ஓர் இடம் உண்டு. தாம் திரட்டிய ஓவியங்களைக் கொண்டு காசியில் ஒரு தேசிய அருங்காட்சியகம் அமைய வேண்டும் என்று விரும்பினார். அதற்கு வேண்டிய ஆதரவு நாட்டில் கிடைக்கவில்லை. அத்தொகுதி 1917-இல் பாஸ்டனுக்குச் சென்றது. அவரும் அதனோடு சென்றார். குறை அவருடையதா, அன்று கை கொடுக்காத நாட்டினுடையதா என்று எளிதில் தீர்ப்புச் சொல்ல எனக்குத் துணிவில்லை. நம்முடையதை நாம் பேணாவிட்டால் வேறொருவர் பேணுவார்; அப்போது அது அவருடையதாகிவிடும் என்ற பாடத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

நாம் என்ன செய்யலாம்?

அறிவியல் மாணவர்களுக்கு இத்துறையில் இடமில்லை என்பது வரலாறு அறியாதார் கூற்று. சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தின் செப்புத் திருமேனிகளைப் பற்றிய பட்டியலை இராமச்சந்திரனுடன் சேர்ந்து 1932-இல் வெளியிட்ட கிரேவ்லி, தொழிலால் ஒரு விலங்கியலறிஞர். அதே அருங்காட்சியகத்தில் 1930-ஆம் ஆண்டு வேதியியல் பாதுகாப்பு ஆய்வுக்கூடம் தொடங்கப்பட்டது. அங்கே பணியாற்றிய பரமசிவன் என்ற வேதியியலறிஞர், களிம்பேறி அரித்துக்கொண்டிருந்த வெண்கலச் சிலைகளை மின்பகுப்பு முறையால் காப்பாற்றினார். தஞ்சைப் பெரிய கோயில் ஓவியங்களின் சுண்ணச் சாந்தையும் வண்ணத்தையும் ஆராய்ந்தார். நம் ஆய்வுக்கூடத்தில் நாம் அலுப்போடு செய்யும் உப்புப் பகுப்பாய்வு, சிலைக்கு உயிர் தரும் மருந்தாகவும் ஆகக்கூடும்!

பண்பாட்டு ஆலோசகர் என்ற சொல்லுக்கு நம் நாட்டில் எடுத்துக்காட்டாக விளங்கியவர் திருமதி புபுல் ஜயகர். கைத்தறி, கைவினைத் துறைகளில் பல்லாண்டு உழைத்துப் பிரதமருக்கே ஆலோசகரானார். 1982-இல் பிரிட்டனிலும், 1985-இல் பிரான்சிலும் அமெரிக்காவிலும் நடந்த இந்திய விழாக்களுக்கு அவர் முன்நின்றார். 1985-இல் வாஷிங்டன் நகரில் பொருள்கள் மட்டும் போகவில்லை. கைவினைஞர்களும் கலைஞர்களும் நேரில் சென்று மக்கள் முன் தொழில் செய்து காட்டினார்கள். சீட்டு பேசாத இடத்தில் மனிதரே பேசினார்.

உலக அரங்கு பெரிது, நாம் சிறியவர்கள். எனினும் தொடக்கம் நம் ஊரிலேயே இருக்கிறது. மூன்று கருத்துகளை நம் கல்லூரியின் முன் பணிவோடு வைக்கிறேன்.

ஒன்று: கோடை விடுமுறையில் ஊருக்குச் செல்லும் ஒவ்வொரு மாணவரும் தம் ஊரின் ஒரு கலையையோ கைத்தொழிலையோ பற்றி இரண்டு பக்கம் எழுதிக் கொண்டுவரட்டும். செய்பவர் பெயர், ஊர், பொருள், கருவி, செய்முறை, யாருக்காகச் செய்கிறார் என்ற ஆறு செய்திகள் போதும். கைப்பேசி எல்லோரிடமும் இருக்கிறது, படமும் எடுக்கலாம். அவருடைய சம்மதம் பெற்றே எடுக்க வேண்டும்.

இரண்டு: நாட்டு நலப்பணித் திட்டத்தின் ஏழு நாள் முகாமில் ஒரு நாளை இதற்கு ஒதுக்கலாம். சாலை செப்பனிடுவதும் மரம் நடுவதும் நல்ல பணிகளே. ஒரு முதியவர் கையில் இருக்கும் அறிவை எழுதி வைப்பதும் அத்தகைய பணிதான்.

மூன்று: இவற்றைத் தொகுத்து நம் நூலகத்தில் ஓர் அலமாரியில் வைக்க வேண்டும். நாளை எங்கிருந்தோ ஒரு காப்பாளரோ ஆலோசகரோ இப்பகுதியின் கலையைப் பற்றிக் கேட்டு வந்தால், ‘அந்தப் பக்கம்’ என்று கை காட்டாமல், அலமாரியைத் திறந்து காட்டலாம். அந்தக் காப்பாளர் நம் கல்லூரியில் படித்தவராகவே இருந்தால் இன்னும் சிறப்பு.

நண்பர்களே! நான் பாஸ்டனுக்குப் போவேனா, பட்டம் வாங்கிக் கல் குவாரியில் மேற்பார்வையாளராவேனா என்பது இன்று தெரியாது. வீட்டில் தங்கையின் படிப்பு இருக்கிறது. தந்தையாருக்கு முதுகுவலி இருக்கிறது. முதலில் சம்பளம் வரும் வேலை வேண்டும் என்பதையும் நான் மறக்கவில்லை. ஆனால் ஒரு வேலையை இப்போதே தொடங்கிவிட்டேன். சென்ற பொங்கல் விடுமுறையில், களக் குறிப்பேட்டில் பாறைகளுக்கென்று வைத்திருந்த பக்கங்களுக்குப் பின்னால் ஒரு புதிய பக்கம் திறந்தேன். பொருள்: சுடுமண் புரவி. மண்: எங்கள் கண்மாய், வடகரை. சேர்மானம்: மணல், உமி. நாள் எழுதினேன். எங்கள் ஊர்ப் பெயரைச் சற்றுப் பெரிதாகவே எழுதினேன். செய்தவர் என்ற இடத்தில் என் தந்தையாரின் பெயரை எழுதி அவரிடம் காட்டினேன்.

அவர் கையில் ஈரமண் இருந்தது. குறிப்பேட்டைத் தொடாமல், குனிந்து எழுத்துக் கூட்டிப் படித்தார். பிறகு, “உமி அளவு தப்பா எழுதியிருக்க. திருத்து” என்றார்.

திருத்தினேன்.